சுழியத்தில் தொடங்கும் பிள்ளைகள்

முதலாம் ஆண்டு வகுப்பில் எண் கற்பிக்கப் புகும் ஆசிரியர் எவரும் ஓர் உண்மையை விரைவில் உணர்ந்துகொள்வார். கரும்பலகையில் ‘25’ என்று எழுதினால் குழந்தையின் கண்ணுக்கு முதலில் தென்படுவன இரண்டு வடிவங்களே. ஒன்று வளைந்து நிற்கிறது. மற்றொன்று தொப்பி அணிந்து நிற்கிறது. அவ்விரண்டும் கூடி இருபத்தைந்து புளியங்கொட்டைகளைக் குறிக்கின்றன என்னும் தெளிவு பிறக்கச் சில வாரங்களேனும் ஆகும். இடப்பக்கத்து இரண்டு, இரண்டன்று, இருபது என்று ஒரு நாள் குழந்தை தானாகவே சொல்லும்போது ஆசிரியர் அடையும் மகிழ்ச்சியை ஆசிரியரே அறிவர்.

கணினியும் இவ்வகையில் முதலாம் ஆண்டுக் குழந்தையே. விசைப்பலகையில் நாம் ‘25’ என்று தட்டினால் கணினிக்குக் கிடைப்பது இருபத்தைந்து அன்று. இரண்டு எழுத்துகளின் குறியீடுகள். ஆஸ்கி என்னும் அட்டவணையின்படி ‘2’ என்ற வடிவத்துக்கு 50, ‘5’ என்ற வடிவத்துக்கு 53. இவ்விரண்டு குறியீடுகளிலிருந்து இருபத்தைந்து என்னும் மதிப்பை யாரேனும் ஆக்கித் தரவேண்டும். ஒவ்வொரு குறியீட்டிலிருந்தும் சுழியத்தின் குறியீடாகிய 48ஐக் கழித்தல், இதுகாறும் பெற்றதைப் பத்தால் பெருக்கிப் புதியதைக் கூட்டுதல், இங்ஙனம் இடமிருந்து வலமாக நடந்துசெல்லுதல்: வகுப்பில் நாம் கற்பிக்கும் இடமதிப்பேதான் இது.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதத்தை விருப்பப் பாடமாகப் பயின்றவன் யான். கெர்னிகன், ரிட்சி ஆகிய இருவரும் எழுதி 1978இல் வெளிவந்த ‘சி’ மொழி நூலின் இரண்டாம் பதிப்பு பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்தது. ஒல்லியான நூல். நாவல் படிப்பதுபோல் இரவு நேரங்களில் அதைப் படித்தேன். மேலே கூறிய பெருக்கிக் கூட்டும் முறை அந்நூலில் சில வரிகளில் அடங்கிய ஒரு செயற்கூறாக வருகிறது. அதன் பெயர் ‘ஏடோ-ஐ’. அளவிற் சிறிது எனினும் அழகிற் குறைவில்லாதது.

அந்நூலில் என் நெஞ்சைக் கவர்ந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். குறியீட்டிலிருந்து 48ஐக் கழிக்குமாறு ஆசிரியர்கள் எழுதவில்லை. ‘0’ என்ற எழுத்தையே கழிக்குமாறு எழுதியிருந்தனர். காரணம் யாது? ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளில் வழங்கும் எப்சிடிக் அட்டவணையில் சுழியத்தின் குறியீடு 240. அங்கே 48ஐக் கழித்தால் விடை தவறும். ‘0’ஐக் கழித்தால் எங்கும் சரியாகும். பத்து இலக்கங்களின் குறியீடுகளும் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமையவேண்டும் என்று ‘சி’ மொழியின் தரவிதியும் உறுதியளிக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு அவ்வுறுதி இல்லை. எப்சிடிக்கில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்துக்கும் அடுத்ததாகிய ‘ஜே’க்கும் நடுவே பள்ளம் உண்டு. ஓரிடத்தில் எழுதியது எல்லா இடத்திலும் செல்லவேண்டும் என்னும் எண்ணம் ஒரு கழித்தற்கணக்கிலேயே தொடங்கிவிடுவதை அன்றுதான் கண்டேன்.

ஆயினும் ‘ஏடோ-ஐ’ நம்பத்தக்க பணியாளன் அன்று. ‘0’ என்று எழுதிக் கொடுத்தாலும் சுழியம் என்று சொல்லும். ‘வாழை’ என்று எழுதிக் கொடுத்தாலும் சுழியம் என்றே சொல்லும். தேர்வுக்கே வராத மாணவனுக்கும், வந்து எழுதி ஒன்றும் பெறாத மாணவனுக்கும் ஒரே மதிப்பெண் இடும் ஆசிரியரை நாம் ஏற்போமா? அளவுக்கு மிஞ்சிய எண்ணைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதையோ தரவிதி வரையறுக்கவேயில்லை. ஒரு பொறியில் ஒன்றும் மற்றொரு பொறியில் வேறொன்றும் நேரலாம்.

இக்குறைகளை நீக்க அமைந்தது ‘ஸ்டர்டோ-எல்’. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரவிதியிலேயே இது இடம்பெற்றுவிட்டது. படித்தது எந்த எழுத்துவரை என்பதை இது ஒரு சுட்டின் வழியாகத் தெரிவிக்கும். எண் அளவை மீறினால், தன்னால் சொல்லக்கூடிய மிகப் பெரிய எண்ணைத் திருப்பி, ‘எர்னோ’ என்னும் பொதுப் பலகையில் மீறலுக்குரிய குறியை எழுதி வைக்கும். எந்த அடிமானத்தில் படிக்கவேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். இத்துணை நன்மைகள் இருந்தும் அதன் பெயரின் ஈற்றில் ஒட்டியிருக்கும் ‘எல்’ என்னும் ஓரெழுத்தில் வம்பு ஒளிந்திருக்கிறது.

‘எல்’ என்பது ‘லாங்’, அதாவது நெடிய முழுவெண். எவ்வளவு நெடியது? குறைந்தது 32 பிட்டுகள் இருக்கவேண்டும் என்பதன்றி வேறு கட்டளை இல்லை. 64 பிட் லினக்சிலும் மேக் கணினியிலும் அது 64 பிட் உடையது. 64 பிட் விண்டோசிலோ, பழைய நிரல்கள் குலையாதிருக்கவேண்டி, 32 பிட்டாகவே நிறுத்தி வைத்தனர். நம் பாட்டன்மார் காலத்தில் இந்நாட்டுச் சந்தைகளில் காத்தி என்றொரு நிறுத்தலளவை வழங்கியதை மூத்தோர் அறிவர். இங்கே ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். சீனப் பெருநாட்டில் அதே அளவை இன்று 500 கிராம். பெயர் ஒன்றே; தராசில் நிற்பது வேறு. தமிழிலும் இது புதிதன்று. ‘காடி’ என்றால் நம் நாட்டில் சாலையில் ஓடுவது. அகராதியைப் புரட்டினால் புளித்த நீர். பெயர்கள் வேறுபட்டால் மனிதன் எச்சரிக்கை அடைகிறான். ஒரே பெயர் இரு பொருளில் நிற்கும்போதுதான் வழுக்கி விழுகிறான்.

இனி எங்கள் பள்ளியில் நேர்ந்ததைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு, அப்போது நான் துணைத் தலைமையாசிரியன். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் கூடுதல் உணவுத் திட்டத்தில் எங்கள் பிள்ளைகள் 63 பேர் இருந்தனர். வகுப்பாசிரியர்கள் தனித்தனியே பெயர் தந்ததால் சில பெயர்கள் இருமுறை வரும். அவற்றை நீக்கி, ஆண் பெண் பிரித்து, வரிசைப்படுத்தித் தர, பழைய மாணவர் ஒருவர் ‘சி’ மொழியில் ஒரு சிறு நிரலை அன்போடு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையிடமிருந்து பிரித்தறிய அடையாள எண்ணை அவர் அளவுகோலாகக் கொண்டார். நம் அடையாள எண்ணின் அமைப்பை மாணவர்களும் அறிவர். பன்னிரண்டு இலக்கங்கள், முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம், இறுதி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண்.

நிரலை அவர் எழுதியது கணினி அறையில் இருந்த லினக்சுப் பொறியில். அங்கே யாதொரு குறையுமின்றி ஓடிற்று. பின்னர் அலுவலகத்து விண்டோசுக் கணினிக்கு அதை மாற்றிப் புதிதாக நிரல்பெயர்த்தனர். நிரல்பெயர்ப்பி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. எழுத்தர் அச்சிட்ட பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர். முதலாம் ஆண்டுப் பதிவேட்டின் முதற் பிள்ளை, அடையாள எண் 2147483647, பால், ஆண். அப்பிள்ளையோ சடை பின்னிக்கொண்டு வரும் சிறுமி!

32 பிட் முழுவெண்ணின் எல்லை அதுவே. 2004 முதல் 2009 வரை பிறந்த எங்கள் பிள்ளைகள் அனைவரின் எண்களும் அதற்கு மேற்பட்டவை. ஒவ்வொருவரையும் படித்த ‘ஸ்டர்டோ-எல்’, “இதற்கு மேல் என்னால் சொல்ல இயலாது” என்று அதே எல்லை எண்ணைத் திருப்பியது. பலகையில் மீறற்குறியையும் எழுதிற்று. அப்பலகையைப் பார்க்குமாறு நிரலில் எவரும் சொல்லியிருக்கவில்லை. எண்கள் ஒன்றானதால் அறுபத்து மூவரும் ஒருவராயினர். அவ்வெண் ஒற்றையாதலால் அவ்வொருவரும் ஆணாயினார். (அது பகா எண்ணும் ஆகும். ஆய்லர் என்னும் கணித மேதை 1772இல் அதை நிறுவினார். எங்கள் எழுத்தருக்கு இச்செய்தியைச் சொன்னபோது அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.) 2000ஆம் ஆண்டிற் பிறந்த ஒருவரின் எண்ணைக் கொண்டு சோதித்திருந்தாலும் இக்குறை வெளிப்பட்டிராது. இரண்டு சுழியங்களில் தொடங்கும் அவ்வெண்கள் எல்லைக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு பெரிய பிழை தீங்கற்றது. ஒற்றைப் பெயர்ப் பட்டியலை யார்தான் நம்புவர்? அடுத்து வந்ததே தீங்குடையது.

திருத்த முன்வந்த வேறொருவர் 64 பிட் செயற்கூறு ஒன்றைத் தேடினார். இங்கே இன்னொரு தொல்லை. 1999ஆம் ஆண்டுத் தரவிதி அதற்கு ‘ஸ்டர்டோ-எல்எல்’ என்று பெயர் சூட்டியது. பி.எஸ்.டி. மரபில் ‘ஸ்டர்டோ-கியூ’ என்றொன்று இருந்தது. மைக்ரோசாப்டின் நிரல்பெயர்ப்பியிலோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை தரவிதிப் பெயர் இல்லை. அடிக்கோட்டில் தொடங்கும் ‘ஸ்டர்டோ-ஐ64’ என்பதே வழக்கு. அலுவலகத்தில் இருந்தது பழைய பதிப்பு. ஆதலால் அவர் அப்பெயரையே இட்டார். அது தவறன்று. ஆனால் அடிமானம் கேட்கும் இடத்தில் பத்து என்று இடாமல் சுழியம் என்று இட்டுவிட்டார். சுழியம் இட்டால் அடிமானத்தைச் செயற்கூறே கண்டுகொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறார். கண்டுகொள்ளும் என்பது உண்மையே. எப்படிக் கண்டுகொள்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. எண் ‘0எக்ஸ்’ என்று தொடங்கினால் பதினாறு. வெறும் ‘0’ என்று தொடங்கினால் எட்டு. பிற எல்லாம் பத்து.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் சுழியத்தில் தொடங்குபவர்கள்.

எட்டடிமானத்தில் 8, 9 என்னும் இலக்கங்கள் கிடையா. 2008, 2009 ஆகிய ஆண்டுகளிற் பிறந்தவர்களின் எண்கள் ‘08’, ‘09’ என்று தொடங்குவன. செயற்கூறு முதற் சுழியத்தைப் படித்தது. அடுத்ததைக் கண்டு நின்றது. விடை சுழியம் என்றது. மீறல் ஏதும் இல்லாததால் பலகையிலும் ஒன்றும் எழுதவில்லை. எங்கே நின்றது என்று சுட்டைப் பார்த்திருந்தால் இரண்டாம் எழுத்திலேயே நின்றமை தெரிந்திருக்கும். முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் திட்டத்திற்குரியவர்கள் பதினொருவர். பதினொருவரும் சுழியமாகி ஒருவராயினர். அதுவன்றி, 2007 ஆகஸ்டு மாதத்திற் பிறந்த ஒரு சிறுவனும் செப்டம்பரிற் பிறந்த ஒரு சிறுமியும் இருந்தனர். ‘0708’, ‘0709’ என்று தொடங்கும் அவர்தம் எண்கள் இரண்டும் ‘070’ வரை படிக்கப்பெற்று நின்றன. எட்டடிமானத்தில் 070 என்றால் 56. ஆக அவ்விருவரும் ஐம்பத்தாறு என்னும் ஒருவராயினர்.

இம்முறை அச்சிலே அடையாள எண்கள் மூலத்தில் உள்ளவாறே வந்தன. ஆண் பெண் பிரிவையும் அவர் இறுதி எழுத்தைக் கொண்டே அமைத்துவிட்டார். பார்வைக்குப் பட்டியல் பழுதற்றதாக இருந்தது. அறுபத்து மூன்றுக்குப் பதில் ஐம்பத்திரண்டு. இரட்டைப் பெயர்கள் நீங்கிய கணக்கு அது என்று அனைவரும் கருதினர். தலைமையாசிரியர் கையொப்பமிட்டார். பட்டியல் சிற்றுண்டிச்சாலைக்குப் போயிற்று.

நான்கு நாட்கள் கழித்து முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை என்னிடம் வந்து, தம் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்திருக்க ஒருத்திக்கு மட்டும் பட்டியலில் இடம் கிடைத்தது எந்த நீதி என்று கேட்டார். விடுபட்டவர்களில் ஒருவன் தந்தையை இழந்தவன்; அவனுடைய தாய் இரவுப் பணிக்குப் போகிறவர்; வீட்டில் பசியாற ஏதும் இராது. நான் பதைத்துச் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினேன். அங்கே சமைக்கும் அம்மையாரிடம் விசாரித்தேன். “பட்டியல்ல பேர் இல்லைன்னு பிள்ளைய நிக்க வைக்க முடியுமா சார்? வரிசையில வந்துச்சு, போட்டுட்டேன்” என்றார். நான்கு நாட்களும் ஐம்பத்திரண்டு தட்டுகளுக்குக் கணக்கு எழுதி, அறுபத்து மூன்று தட்டுகள் பரிமாறியிருக்கிறார். மிகுதிச் செலவை யாரிடமும் கேட்கவுமில்லை. அச்செலவை நாங்கள் பின்னர் ஈடுசெய்தோம். அவர் வாங்கிக்கொள்ள இசைவதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

அன்று மாலையே நிரலை அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். தேடவேண்டிய இடம் நீண்ட நேரம் மறைந்திருக்கவில்லை. ‘ஸ்டர்டோ’ என்று வந்த வரியில் மூன்றாவது இடத்தில் சுழியம் நின்றது. திருத்தியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்னிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்களே. வகுப்பறையில் அது உண்மையுங்கூட.

மறுநாள் செய்த மாற்றங்களைச் சுருங்கச் சொல்கிறேன். அடையாள எண்ணை எண்ணாகப் படிப்பதையே விட்டோம். இரு பிள்ளைகளின் அடையாள எண்களைக் கூட்டவோ பெருக்கவோ எவருக்கும் தேவையில்லை. அது அளவன்று, பெயர். பன்னிரண்டு எழுத்துகள் உள்ளனவா, பன்னிரண்டும் 0 முதல் 9 வரையிலானவையா என்று நோக்கி, எழுத்துச் சரமாகவே ஒப்பிட்டோம். எடை, உயரம், வயது போன்ற மெய்யான அளவுகளைப் படிக்க மட்டும் எங்களுக்கென ஒரு செயற்கூறு வகுத்துக்கொண்டோம். விண்டோசில் ஒரு பெயர், லினக்சில் ஒரு பெயர் என்னும் வேற்றுமை அந்த ஓரிடத்தோடு நின்றுவிடும். நிரலின் பிற பகுதிகளுக்கு எங்கள் பெயர் மட்டுமே தெரியும். அது அழைப்புக்கு முன் ‘எர்னோ’வைச் சுழியமாக்கும், அடிமானம் பத்து என்றே சொல்லும், ஓர் எழுத்தும் படிக்கப்படவில்லையானால் மறுக்கும், எண் முடிந்தபின் வேறு எழுத்து எஞ்சினாலும் மறுக்கும், சிறுமம் பெருமம் என நாம் சொல்லும் எல்லைக்குள் வராததையும் மறுக்கும். ஒன்றும் படிக்காத நிலையில் சில நூலகங்கள் ‘எர்னோ’வில் குறி இடும், சில இடா. ஆதலால் அந்நிலையை அறியச் சுட்டையே நம்பவேண்டும். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் இத்தகையதொரு செயற்கூறை ‘ஸ்டர்டோ-நம்’ என்னும் பெயரில் 2004இலேயே அமைத்திருந்ததைப் பின்னர் அறிந்தேன். அதில் அடிமானம் கேட்கப்படுவதேயில்லை, எப்போதும் பத்துதான். அனுபவப்பட்டவர்களின் கை என்று எண்ணிக்கொண்டேன்.

குறியற்ற எண்ணைப் படிக்கும் ‘ஸ்டர்டோ-யூஎல்’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். குறியற்றது என்று பெயர் இருப்பதால் கழித்தற்குறியை மறுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ‘-1’ என்று கொடுத்தால் அகமகிழ்ந்து ஏற்று, தன் மிகப் பெரிய எண்ணைத் திருப்பித் தரும், பிழையென்றும் சொல்லாது. ஒரு பிள்ளையின் எடை 429 கோடி கிலோவுக்கு மேல் என்று பதிவாக அதுவே போதும்.

இக்கலை முற்றுப்பெற்றதும் அன்று. அண்மைத் தரவிதியாகிய சி23, அடிமானம் சுழியமாகவோ இரண்டாகவோ இருக்கும்போது ‘0பி’ என்று தொடங்குவனவற்றை இரும எண்ணாகப் படிக்கச் சொல்கிறது. முன்பு ‘0பி101’ என்றால் சுழியம், இனி ஐந்து. பழைய பொருளும் புதிய பொருளும் மோதாதிருக்க, லினக்சின் ஜிலிப்சி நூலகம் 2023இல் வந்த 2.38ஆம் பதிப்பில் புதிய செயற்கூறை வேறோர் உட்பெயரில் வைத்தது. அதனால் புதிய பொறியில் நிரல்பெயர்த்த கோப்புகள் சில, பழைய பொறியில் அவ்வுட்பெயரைக் காணாமல் ஓட மறுத்தன. எழுதியவர் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்கவில்லை.

இப்போது இடைநிலைப்பள்ளியில் பயிலும் பழைய மாணவர் மூவர் சனிக்கிழமைகளில் எங்கள் கணினி அறைக்கு வருகின்றனர். ‘ஸ்டர்டோ-எல்’ தமிழ் இலக்கங்களைப் படிக்குமா என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். நாங்கள் ஓட்டிப் பார்த்த பொறி எதிலும் படிக்கவில்லை. ௧ என்பது ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையில் 224, 175, 167 என்னும் மூன்று பைட்டுகள். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பெரும்பாலான மேசைக்கணினிகளில் ‘சார்’ என்னும் தரவினம் குறியுடையது; ஆதலால் 224 அங்கே -32 ஆகிறது. அதை அப்படியே இலக்கமா என்று சோதிக்கும் செயற்கூறுக்கு அனுப்பினால் என்ன நேரும் என்பதைத் தரவிதி வரையறுக்கவில்லை. ஆர்ம் செயலியுடைய லினக்சுப் பொறியில் அதே ‘சார்’ குறியற்றது. அங்கே இத்தொல்லை இல்லை. குறியற்றதாக மாற்றி அனுப்புக என்று மூவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அவர்கள் தமிழ் இலக்கங்களுக்குத் தனிச் செயற்கூறு எழுதத் தொடங்கினர். நம் பழைய முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. தமிழ்ச் சுழியமாகிய ௦ ஒருங்குறியில் இடம்பெற்றதே 2005இல்தான். ஆகவே 2016ஐ ௨௦௧௬ என்றும் எழுதலாம். ௨௲௰௬ என்றும் எழுதலாம். முன்னது பெருக்கிக் கூட்டும் பழைய வழியிலேயே எளிதில் வந்துவிட்டது. பின்னதில் ௰, ௱, ௲ ஆகியவற்றைக் கண்டால் முன்னின்ற இலக்கத்தைப் பெருக்கவேண்டும், முன்னே ஒன்றும் இல்லையேல் ஒன்று எனக் கொள்ளவேண்டும். அதையும் இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தனர். இரு பொறிகளிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டு முறைகளும் கலந்து ௨௦௲ என்று எவரேனும் எழுதினால் என்ன செய்வது என்பதில் மட்டும் வழக்கு நீடிக்கிறது. இருபதாயிரம் என்பதே இயல்பான பொருள் என்கிறான் ஒருவன். சுழியம் அறியாத முறையில் சுழியத்தை நுழைத்தவர் எதை எண்ணி எழுதினார் என்று நமக்கு எப்படித் தெரியும் என்கிறாள் கேள்வி கேட்ட மாணவி. இப்போதைக்குப் பிழையென்று திருப்புமாறே வைத்திருக்கின்றனர்.